என் நங்கையும் எட்டாவது நரம்பும்

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கை மயிலாத்தாளுக்குக் குண்டடம் பக்கம் ஒரு சின்ன ஊர். நாலாவது வரைக்கும் படித்தவர். எண்பத்திரண்டில் என் அண்ணன் சாமியப்பனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தார். வந்த இரண்டாவது மாதமே அண்ணன் வேலை பார்த்த நிட்டிங் கம்பெனியில் கோன் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மில்லிலிருந்து நூல் சிட்டம் சிட்டமாக, வளைய வளையமாகக் கட்டி வரும். அதைக் கோனில் சுற்றிக் கொடுத்தால்தான் நிட்டிங் மெஷினில் ஏற்ற முடியும். நான் அவருக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்திருந்தேன். நூல் அறுந்தால் நான் குனிந்து நுனியைத் தேடுவேன். நங்கை குனியாமலே பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவார்.

கம்பெனி கிட்டுசாமி என்பவருடையது. காடு தோட்டமெல்லாம் உள்ள குடும்பம். சிமெண்ட் அட்டை போட்ட நீளமான கொட்டகையில் ஆறு வட்ட நிட்டிங் மெஷின்கள் ஓடின. அந்த ஆறுக்கும் அண்ணன்தான் பிட்டர். துணியில் கோடு விழுந்தாலோ ஓட்டை விழுந்தாலோ அவரைத்தான் தேடுவார்கள். வந்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றுவார், நின்று கேட்பார், பிறகு ஓர் இடத்தில் விரலை வைப்பார். அந்த இடத்தில் ஊசி உடைந்திருக்கும்.

ஆறு மெஷினும் ஓடும்போது உள்ளே பேச்சு எடுபடாது. அதனால் பழைய ஆட்கள் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். உதட்டை மட்டும் அசைத்து, கையைக் கொஞ்சம் ஆட்டி, நாள் முழுக்கப் பேசுவார்கள். கல்யாணப் பேச்சு, சண்டை, முதலாளியைப் பற்றிய கேலி எல்லாம் இந்த ஊமைப் பாஷையில்தான் நடக்கும். பேசுவதற்குக் காதே அங்கே வேண்டியதில்லை. அண்ணனுக்கு இடது காது போய்க்கொண்டிருந்தது ஒரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் போனது இதனால்தான்.

நான் முதலில் பார்த்தது போனை. முதலாளி அறையில் போன் வந்தால் அண்ணன் இடது கையில் எடுத்து இடது காதில் வைப்பது வழக்கம், வலது கை எழுதுவதற்கு வேண்டும். எண்பத்தேழு கடைசியில் ஒரு நாள் இடது கையால் எடுத்து, முகத்தைத் தாண்டிக் கொண்டுபோய் வலது காதில் வைத்தார். மறுநாளும் அப்படியே. எனக்குச் சட்டென்று வாய் வராது. பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டேன்.

நங்கை பார்த்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைக்கிற கல்லருகே என்னைக் கூப்பிட்டார்.

"மருதா, உங்கண்ணன் வலது பக்கமாச் சாஞ்சு படுத்தா, அடுப்படில தவலை உருண்டாலும் எந்திரிக்கறதில்ல. இடது பக்கமாச் சாஞ்சு படுத்தா, பல்லி கத்துனாலும் முழிச்சுக்கறாரு. நீ எதாச்சும் பாத்தியா?"

நான் போன் விஷயத்தைச் சொன்னேன்.

"அடிப்பாவி, எத்தனை நாளா இதை முழுங்கி வெச்சிருக்கே?"

"ரெண்டு மாசமாங்க நங்கை."

"உன்னைய வெச்சுட்டு ஊடு பத்தி எரிஞ்சாலும் எனக்குச் சாம்பலைப் பாத்துத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணன் சிரித்தார். "நிட்டிங்காரனுக்குக் காது போறதென்ன புதுசா, புள்ள? உள்ளார விசிலடிச்ச மாதிரி ஒரு சத்தம் இருக்குது. அவ்வளவுதான். மெஷின் காது. எல்லாத்துக்கும் வரது."

அது உண்மைதான். எங்கள் தெருவில் நிட்டிங்கில் பத்து வருஷம் இருந்தவர்கள் எல்லோரும் "ஆங்? ஆங்?" என்றுதான் பேசுவார்கள். முதலாளிகூடக் கேலி பேசுவார்: "என்ற கம்பெனில வேலை செஞ்சவனுக்குக் காது நல்லாக் கேக்குதுன்னா, அவன் வேலையே செய்யலைன்னு அர்த்தம்." இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

நங்கை மட்டும் சிரிக்கவில்லை. நச்சரித்து அண்ணனை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "என்ன வேலை?" என்றார். "நிட்டிங்குங்க" என்றார் அண்ணன். "எத்தனை வருஷமா?" "பதினாலு வருசமுங்க." டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மெஷின் சத்தம்தான். இனித் திரும்பாது. சொட்டு மருந்து தரேன், அரிப்பு இருந்தா விடுங்க."

நங்கை நின்ற இடத்திலிருந்தே கேட்டார். "சத்தம் ரெண்டு காதுக்குந்தானுங்களே போவுது? ஒண்ணு மட்டும் எப்படிங் போகும்?"

"மெஷினுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கறாரோ அந்தப் பக்கம் போகும்."

"மெஷினு வட்டமுங்க. இவரு அதைச் சுத்திச் சுத்தி வராரு. இக்கட்டால மூணு, அக்கட்டால மூணு, நடுவால இவரு. எந்தப் பக்கத்தைங் காட்டறது?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"நாலாவதுங்க."

"அப்பச் சொல்றதைக் கேளு."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது நங்கை என்னிடம் சொன்னார்: "நாலாவது படிச்சவளுக்கு ரெண்டு காதை எண்ணத் தெரியாதாக்கும்?" அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. நங்கை அவருடைய இடது பக்கம் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அண்ணனைப் பார்க்க ஆரம்பித்தோம். பேசி வைத்துக்கொண்டு பார்க்கவில்லை, ஆனாலும் பொழுதோடு வேலை விட்டு நடந்து வரும்போது ஆளுக்கொன்று சொல்வோம். சவரம் செய்யும்போது இடது தாடையில் வெட்டிக்கொள்கிறார், ரத்தம் சட்டைக் காலரில் இறங்கும் வரைக்கும் தெரிவதில்லை. சாப்பிட்டு முடித்தபின் இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கிறது. இருட்டில் நடந்தால் கால் அகட்டி வைக்கிறார். தெருவில் இரண்டு பேர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். அவர் டீயைத் தவிர ஒன்றும் தொட்டதில்லை.

எண்பத்தெட்டு ஆடி மாதம். டீ விட்ட நேரம். கொட்டகைக்கு வெளியே நூல் மூட்டைமேல் அண்ணன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அது சாதாரணம். ஆனால் அண்ணனின் இடது கண்ணில், கருவிழிமேலேயே, ஒரு பஞ்சு இழை ஒட்டியிருந்தது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். கையைக் கொண்டுபோகவில்லை, கசக்கவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. நான் நங்கையைப் பார்த்தேன். நங்கை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் முந்தானை நுனியால் இழையை எடுத்தார். துணி கண்ணில் பட்டது. அண்ணன் கண் சிமிட்டவில்லை.

"என்ன புள்ள?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. பஞ்சு."

நங்கையின் டீ அப்படியே ஆறிப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைச் சுவரோரம் உட்காரவைத்து, நங்கை கொஞ்சம் சுத்தமான பஞ்சை நூல்போலத் திரித்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "நான் பாக்கறது பொய்யாயிடக் கூடாது. நீயும் பாரு" என்றார். அண்ணனை மேலே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து பஞ்சு நுனியை வலது கண்ணில் தொட்டார். இரண்டு கண்ணும் படக்கென்று மூடிக்கொண்டன. "ஏய், என்ன பண்றே!" என்று தலையை இழுத்துக்கொண்டார். இடது கண்ணில் தொட்டார். இரண்டு கண்ணும் திறந்தபடியே இருந்தன.

"தொட்டியா?" என்றார் அண்ணன்.

நங்கை சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க" என்று மறுபடியும் தொட்டார். தன் கண்மேல் பஞ்சு நிற்பதை அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். வலிக்கவுமில்லை, கூசவுமில்லை. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் விரலால் இடது கன்னத்தைத் தடவினார், வலது கன்னத்தைத் தடவினார், இடது காதைத் தட்டிப் பார்த்தார். மெஷினைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"துணியில ஒரு எடத்துல கோடு விழுந்தா அது ஊசி" என்றார் மெதுவாக. "ஒரே பக்கத்துல மூணு எடத்துல கோளாறு வந்தா, ஊசியைக் கழட்டிப் பாக்கறவன் முட்டாள். மூணுக்கும் பின்னால ஒண்ணு இருக்கும்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்" என்றார் நங்கை.

முதலாளி கிட்டுசாமி கெட்டவர் இல்லை. ஆனால் கோவைக்குப் போய்க் காட்ட வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது, வெளிநாட்டுக்கு அனுப்புகிற சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய சமயம். "ஒரு மாசம் பொறுத்துக்க, சாமியப்பா. காதுதான? ஓடியா போகுது?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் மெஷினை விட்டுப் போக மனசில்லை. நங்கை முன்னால் வந்தார்.

"மொதலாளி, திங்கக்கெழமை நாங்க மூணு பேரும் கோயமுத்தூர் போறமுங்க. கேட்டுட்டுப் போலாம்னு வரலீங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

"நீயுமா? கோன் யாரு சுத்தறது?"

"வேணுமுங்கறவங்க சுத்துவாங்க."

கோவையில் ஞானசம்பந்தம் என்று ஒரு நரம்பு டாக்டர். வயது ஐம்பது இருக்கும், மெல்லப் பேசுவார். அண்ணன் உட்கார்ந்ததும் காதைப் பார்க்காமல் மூக்கிலிருந்து ஆரம்பித்தார். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்கை அடைத்து, மறு மூக்கருகில் ஒரு புட்டியைக் காட்டினார். "காப்பித்தூளுங்க" என்றார் அண்ணன். "எங்களுக்கெல்லாம் இல்லீங்களா?" என்று கேட்டு டாக்டரைச் சிரிக்கவைத்தார். பிறகு தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். விரலை நாலு பக்கமும் நகர்த்தி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடையைத் தொட்டார். பல்லைக் காட்டு, புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு என்றார். இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டிக் காதருகே வைத்தார். "ஆ" சொல்லச் சொல்லி உள்நாக்கு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்தார். தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொன்னார். கடைசியில் நாக்கை நீட்டச் சொன்னார்.

நடுவில், தாடையைத் தொட்ட பிறகு, ஒரு டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்தார். நங்கை என் கையைப் பிடித்தார். டாக்டர் வலது கண்ணில் தொட்டார், இடது கண்ணில் தொட்டார்.

"வலதைத் தொட்டா ரெண்டும் மூடுதுங்க. இடதைத் தொட்டா ரெண்டும் மூடறதில்லீங்க" என்று நங்கை சொல்லிவிட்டார்.

டாக்டர் திரும்பினார். "யார் பார்த்தது?"

"நானுங்க. ஞாயித்துக்கெழமை."

"பஞ்சு எங்கிருந்து கிடைச்சுது?"

"எங்க ஊருல காத்துலயே இருக்குதுங்க" என்றார் நங்கை.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு நங்கையைப் பார்த்தே பேசினார். "நீங்க பார்த்தது ரொம்பச் சரி. வலதைத் தொட்டா இடது இமையும் மூடுது. அப்படின்னா மூடற நரம்பு வேலை செய்யுது. இடதுல பட்டா அந்தச் சேதி உள்ளே போகலை. சேதி கொண்டுபோற நரம்பு வேற, இமையை மூடற நரம்பு வேற. முகம், கண், காது, நாக்கு, தொண்டைக்கெல்லாம் முதுகுத்தண்டு வழியா வராம மூளையிலேருந்து நேரா வர்ற நரம்பு பன்னிரண்டு ஜோடி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனி வேலை. இப்ப நான் வரிசையாப் பார்த்தது அதைத்தான். இவருக்கு அஞ்சாவதும் எட்டாவதும் இடது பக்கம் குறையுது. ஸ்கேன் எடுக்கணும்."

ஸ்கேன் படத்தை அவர் விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டியபோது, இடது காதுக்கு உள்பக்கம் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை இருந்தது. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற கட்டி என்றார். "எட்டாவது நரம்பு கேட்கறதுக்கும், விழாம நிக்கறதுக்கும். அதன் உறையிலே முளைச்சிருக்கு. முகத்தை அசைக்கற ஏழாவது நரம்பும் எட்டாவதும் பக்கத்துல பக்கத்துல ஒரே எலும்புத் துளைக்குள்ள போகும். கட்டி வளர்ந்து மேலே இருக்கற அஞ்சாவதை அமுக்கறதால கன்னமும் கண்ணும் மரத்துப்போச்சு. இன்னும் கீழே இறங்கினா முழுங்கற நரம்பு."

"விட்டுட்டா என்னாகுமுங்க?"

"முதல்ல நடை போகும். அப்புறம் பார்வை. அப்புறம் உயிர்."

"எடுத்தா?"

"இடது காது வராது. முகத்துக்குப் போற ஏழாவது நரம்பைக் கட்டி நசுக்கிப் பட்டையாக்கித் தன்மேல ஒட்டி வெச்சிருக்கும். அதைக் காப்பாத்தப் பார்ப்பாங்க. முடியாமலும் போகலாம். முகம் ஒரு பக்கம் தொங்கும். சென்னைக்கு எழுதித் தரேன்."

அன்றைக்குப் பஸ்ஸில் அண்ணன் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார். அவிநாசி தாண்டியபோது சொன்னார்: "மூஞ்சி கோணிக்கிட்டுப் போனா கம்பெனிப் புள்ளைக சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க" என்றார் நங்கை. "சிரிக்கறதைப் பாக்க நீங்க இருப்பீங்கல்ல?"

சேதி கேட்டு ஊரிலிருந்து எங்கள் சித்தப்பா நல்லான் ஒறம்பரை சொந்தக்காரர்களோடு வந்துவிட்டார். தலையைத் திறந்தவன் யாரும் பிழைத்ததில்லை என்றார். தாராபுரத்தில் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டியைக் கரைக்கிறாராம், காங்கேயத்து ஆள் ஒருவருக்குக் கரைத்தாராம். அண்ணன் கொஞ்சம் ஆடிப்போனது தெரிந்தது. நங்கை எல்லோருக்கும் காப்பி கொடுத்து முடித்துவிட்டுச் சித்தப்பா முன்னால் நின்றார்.

"ஏனுங் சின்ன மாமா, கரைஞ்ச ஆளுக்குக் கட்டி எங்கிருந்துதுங்க?"

"தொடையில."

"இவருக்கு மண்டைக்குள்ளார இருக்குதுங்க. பச்சிலையை எங்கீங் வெச்சுக் கட்டறது? போன வருசம் உங்க கெணத்து மோட்டார் பொகைஞ்சப்ப மேல மஞ்சத்துணி சுத்துனீங்களா, கம்பிக் காயில் கட்டற மெக்கானிக்குகிட்டக் கொண்டு போனீங்களா?"

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். "என்றா, உன்ற ஊட்டுக்காரி இப்படிப் பேசறா?"

"மோட்டாரைப் பத்திச் சரியாத்தானுங் பேசறா, சித்தப்பா" என்றார் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆபரேஷன் சென்னையில் ஐப்பசி மாதம் நடந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனவரைப் பொழுது சாயும்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். நங்கை அத்தனை நேரமும் பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் டாக்டர்கள் அண்ணனுக்கு ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். புரை ஏறாமல் முழுங்கினார். பேர் கேட்டார்கள், சொன்னார். "சிரிங்க" என்றார்கள். வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது பக்கம், காயப்போட்ட துணிபோலத் தொங்கிக் கிடந்தது.

ஏழாவது நரம்பு அறுபடவில்லை, ஆனால் ரொம்ப மெலிந்திருக்கிறது, திரும்ப வந்தால் வரும் என்றார்கள். கிளம்பும்போது அங்கிருந்த பெரிய டாக்டர் நங்கையிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இடது கண்ணுக்கு ரெண்டு காவலும் போயிடுச்சும்மா. தூசி விழுந்தா தெரியாது, தெரிஞ்சாலும் மூட முடியாது. பகல்ல மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. ராத்திரி இமையை இழுத்து பிளாஸ்திரி. கண் சிவந்தா, வலி இல்லைன்னு இருந்துடாதீங்க. வலி இல்லாததுதான் ஆபத்து."

நங்கை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கோன் மெஷினுக்குத் திரும்பவில்லை. மணிக்கொரு தடவை மருந்து விடுவதே அவர் வேலையாகப் போயிற்று.

ஆனால் அண்ணன் மூன்று மாதத்துக்குமேல் பொறுக்கவில்லை. நங்கை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், வெல்டிங்காரர்கள் போடுகிற கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். அண்ணன் விரல் வைத்த இடத்தில் ஊசி உடைந்திருந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் நானும் சும்மா இருந்துவிட்டேன். நாலு நாள் அப்படி, நங்கை வெளியே போகிற நேரம் பார்த்து வந்து, அவர் திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். நாலாவது நாள் பொழுது சாயும்போது வீட்டில் நங்கை முன்னால் கண்ணாடியைக் கழற்றும்படி ஆகிவிட்டது. கண் மிளகாய்ப்பழமாக இருந்தது.

"வலிக்கவே இல்லியே!" என்றார்.

நங்கை என்னைத்தான் பார்த்தார். "நாலு நாளா நீ பாத்தியா, மருதா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

கோவைக்கு ஓடினோம். கருவிழியில் புண். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார்கள். புண் ஆறியபின் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றுவிட்டது. கண்ணின் வெளியோரத்தில் மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். பாதிக் கண்தான் இனித் திறக்கும். அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பனியன் ஓரம் மாதிரி என்னையும் ஓவர்லாக் அடிச்சுட்டாங்க" என்றார். பேசும்போது உதட்டின் இடது ஓரத்தில் எச்சில் ஒழுகியது. நங்கை துடைத்துவிட்டார்.

"இனிப் பஞ்சு பறக்கற எடத்துக்குள்ள நீங்க போகக் கூடாதுங்க."

"அப்ப நிட்டிங்க விட்டுட்டு எளநி வெட்டட்டுமா? எனக்கு வேற என்ன புள்ள தெரியும்?"

நங்கை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "மெஷினு ஓடுனாத்தானுங்க பஞ்சு பறக்குது. மெஷினை நிறுத்திப் போட்டுக் கூப்படறவங்களுக்குப் போங்க."

"எந்த மொதலாளி நிறுத்துவான்? ஒரு மெஷினுக்காக ஆறையும் நிறுத்தறவன் பொறந்திருக்கானா?"

"ஒங்களை மாதிரிப் பாக்கறதுக்கு இன்னொருத்தன் பொறந்திருந்தா நிறுத்த மாட்டாங்க."

முதலில் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கிற சின்னக் கம்பெனிகள் கூப்பிட்டன. நங்கையும் கூடப் போவார். அண்ணனுக்கு முன்னால் அவர் உள்ளே போய், மேல்கம்பியில் தொங்குகிற பஞ்சையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தபிறகுதான் அண்ணனை விடுவார். மெஷின் நின்றிருந்தால் சத்தம் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்க முடியாது. அதனால் அண்ணன் மெஷினிலிருந்து ஏற்கெனவே விழுந்த துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பழகினார். கோடு எங்கே ஆரம்பிக்கிறது, எத்தனை கண்ணிக்கு ஒரு தடவை வருகிறது என்று பார்த்து, அதிலிருந்தே ஊசிக்குப் போவார். ஆறேழு மாதத்தில் அதிலும் கை தேர்ந்துவிட்டது.

தொண்ணூறு தைப்பொங்கல் நோம்பி முடிந்த வாரம் கிட்டுசாமி ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் நம்பர் மெஷின் துணியைக் கிழித்துத் துப்புகிறது, நாலு பிட்டர் பார்த்தும் ஆகவில்லை, சரக்கு நிற்கிறது என்றார். அண்ணன் எழுந்துவிட்டார். நங்கை எழவில்லை.

"ஆறையும் நிறுத்தீருக்கீங்களா, மொதலாளி?"

"ரெண்டாம் நம்பரை நிறுத்தியாச்சு அம்மிணி. மத்தது ஓடட்டும். கண்ணாடி வாங்கித் தரேன்."

"கண்ணாடி போட்டுத்தானுங்க கண்ணுல பூ விழுந்துது."

"சரக்குப் போகணும் மயிலாத்தா. ஆறை நிறுத்துனா எனக்கு எவ்வளவு நட்டம்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. ஒரு கண்ணு போனா எவ்வளவுன்னு எனக்குத் தெரியுமுங்க."

அவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். "பின்னால வாங்க" என்று மட்டும் சொன்னார். அது நிறுத்துகிறேன் என்றா, சமாளித்துக்கொள்ளலாம் என்றா என்று எங்களுக்குப் புரியவில்லை. கொட்டகை வாசலுக்குப் போனபோது ஐந்து மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நங்கை வாசற்படியில் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினார். கிட்டுசாமி உள்ளே வரச் சொல்லிக் கையாட்டினார். நங்கை தலையாட்டி மறுத்தார். உள்ளே எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள். அண்ணனின் கண்ணைத் தைத்த பிறகு பலர் அன்றுதான் அவரைப் பார்க்கிறார்கள். அண்ணன் குனியவில்லை. கிட்டுசாமி ஓடுகிற மெஷின்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றன. வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதியை அந்தக் கொட்டகையில் நான் கேட்டதே இல்லை. விருதுநகர்ப் பக்கமிருந்து புதிதாக வந்த செல்லத்தாய் என்ற பெண் தடுப்புக்குப் பின்னால் சிட்டம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கள் உதட்டுப் பேச்சு இன்னும் வராது, எதையும் கத்தித்தான் சொல்வாள். அன்றைக்கும் மெஷின் நின்றதைக் கவனிக்காமல் பக்கத்து ஆளிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஒத்த டீயை ரெண்டா ஊத்திக் குடுக்குற ஆளு இவரு! ஆறு மெஷினையும் நிறுத்துவாராக்கும்? நிறுத்துனா நான் பழனிக்குப் போயி மொட்டை போடுதேன்!"

கொட்டகை முழுக்க அது கேட்டது. கிட்டுசாமி தடுப்புப் பக்கம் திரும்பினார்.

"எப்ப அம்மிணி கெளம்பறே? பஸ்ஸுக்கு நான் தரேன்."

கொட்டகையே சிரித்தது. அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பஞ்சு இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்றார். கிட்டுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் என்ன அம்மிணி?"

"சித்தெ இருங்க, மொதலாளி. இன்னும் இறங்கலீங்க."

காற்று தெளியக் கால்மணி நேரம் ஆனது. அதுவரை முதலாளி, அண்ணன், நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். பிறகு நங்கை அண்ணன் கையை விட்டார்.